குளிரே வராத நவம்பர், கொழுத்துப் போன கடுகு: யூரியாவை நிறுத்தலாமா?

துவாரகாவாசி | நவம்பர் 23, இரவு

வணக்கம். டெல்லிக்குப் பக்கத்தில் ஹரியானாவில், பகதூர்கர் தாண்டி ஜஜ்ஜர் போகும் வழியில் நண்பரும் நானும் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம், உள்ளூர்க்காரர் ஒருவர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, பார்த்துக்கொள்கிறார். கடுகு, ஆர்ஹெச் 725 ரகம், அக்டோபர் இரண்டாம் வாரம் விதைத்தது. அதற்கு முன் அந்த நிலத்தில் கொத்தவரை இருந்தது. நிலத்துக்காரர் கோடையில் ஏக்கருக்கு இரண்டு டன் கோழி எருவும் கொட்டியிருக்கிறார், அது நிலம் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்த நவம்பரில் குளிர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, மத்தியானம் வயலில் நின்றால் சட்டை நனைகிறது. பயிர் மதமதவென்று வளர்ந்து இடுப்பைத் தொடப் போகிறது. ஆறு வாரப் பயிர்தான், அதற்குள் வரிசைக்கு நடுவே மண் தெரியவில்லை, இலையெல்லாம் கரும்பச்சை, நடுத்தண்டு நீண்டு நுனியில் மொட்டு வந்துவிட்டது. பக்கத்து வயல்காரர்கள் பார்த்துவிட்டு "பஹுத் படியா", ரொம்பப் பிரமாதம் என்று சொல்லிப் போகிறார்கள், எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் நெல் இப்படிக் கொழுத்தால் அப்பா சந்தோஷப்பட மாட்டார்.

முதல் தண்ணீரும் மேலுரம் யூரியாவும் இந்த வாரம் கொடுக்க வேண்டும் என்று வாரக்காரர் நிற்கிறார். உரக்கடைக்காரர், கோதுமை சாயாமல் இருக்க அடிக்கிற வளர்ச்சி கட்டுப்படுத்தும் மருந்தைக் கடுகுக்கும் அடி என்கிறார். என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரோல்பாக்_மாடி | நவம்பர் 23, இரவு

படம் போடுங்க சார். வரிசையில் ஒரு மீட்டர் நீளத்தில் எத்தனை செடி நிற்கிறது, வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி, இது இரண்டையும் சொல்லாமல் யாரும் எதையும் சொல்ல முடியாது.

---

துவாரகாவாசி | நவம்பர் 24, காலை

வரிசை இடைவெளி ஒரு அடி. ஒரு மீட்டரில் 18, 20 செடி. சில இடத்தில் இன்னும் நெருக்கம். நெருக்கமான செடிகளைப் பிடுங்கிக் கலைத்து விடவே இல்லை, ஆள் கிடைக்கவில்லை என்று வாரக்காரர் விட்டுவிட்டாராம்.

---

பூசா_பழையவர் | நவம்பர் 24, மதியம்

அப்பா சந்தோஷப்பட மாட்டார் என்று எழுதினீர்களே, அவர் சொல்வதுதான் சரி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உரக் கணக்கு. பாசனக் கடுகுக்கு ஹெக்டேருக்கு 80 கிலோ தழைச்சத்து என்பது பொதுவான பரிந்துரை, ஏக்கருக்கு 32 கிலோ வரும். கோழி எருவில் தழைச்சத்து 2 முதல் 3 விழுக்காடு இருக்கும். இரண்டு டன் என்றால் 40 முதல் 60 கிலோ. எல்லாம் ஒரே பருவத்தில் பயிருக்குக் கிடைத்துவிடாது, ஆனால் மண் சூடாக இருந்தால் எரு வேகமாக மக்கும், இந்த வருடம் மண் சூடாகத்தான் இருக்கிறது. அதோடு கொத்தவரை வேரில் விட்டுப்போனது வேறு. அடியுரமாக ஒரு மூட்டை டிஏபி போட்டிருந்தால் அதில் 9 கிலோ. பயிருக்கு வேண்டியது முழுக்க ஏற்கெனவே அந்த இலைக்குள் போய்விட்டது. மேலுரமாக ஒரு மூட்டை யூரியா வீசினால் இன்னும் 20 கிலோ சேரும், அது எங்கே போகும்? தண்டுக்கும் இலைக்கும்தான். அதனால் யூரியா வேண்டாம், ஒரு பிடி கூட வேண்டாம். கந்தகம் கொடுக்கவில்லை என்றால் அதைப் பாருங்கள், எண்ணெய்ச் சத்துக்கு அதுதான் முக்கியம். ஹெக்டேருக்கு 40 கிலோ கந்தகம் என்பது கணக்கு. விதைப்பின்போது ஜிப்சமாகவோ சூப்பர் பாஸ்பேட்டாகவோ போவது நல்லது, இப்போது தாமதம்தான், இருந்தாலும் தண்ணீர் விடும்போது கொஞ்சம் ஜிப்சம் தூவலாம்.

இங்கிலாந்தில் கடுகுக் குடும்பத்து எண்ணெய்ப் பயிரான குளிர்கால ராப்சீட் போடுகிறவர்கள் இதே பிரச்சினையை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். அவர்கள் ஆகஸ்டில் விதைத்து அடுத்த ஜூலையில் அறுப்பார்கள். குளிர் குறைந்த வருடங்களில் பயிர் கொழுத்துவிட்டால் ஒரு சதுர மீட்டர் செடியை வெட்டி எடை போடுவார்கள். கிலோவை 0.8-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு எத்தனை சதுர மீட்டர் பச்சைப் பரப்பு என்று வரும். அந்த எண்ணில் ஒவ்வொரு ஒன்றுக்கும் ஹெக்டேருக்குச் சுமார் 50 கிலோ தழைச்சத்து செடிக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, பூக்கும் நேரத்தில் 3.5 இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டு வசந்தகால உரத்தைக் குறைப்பார்கள், தள்ளியும் போடுவார்கள். பச்சைப் பரப்பு அதற்கு மேல் போனால் மேலே பூவின் மஞ்சள் போர்வை தடித்து வெயிலைத் தடுக்கும், கீழே காய் பிடிக்காது. அந்த எண்களை அப்படியே நம் ராயா கடுகுக்குப் போடக்கூடாது, அது வேறு இனம், வேறு பருவம். ஆனால் உரத்தைத் தீர்மானிக்கும் முன் செடிக்குள் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கும் வேண்டும்.

வளர்ச்சி கட்டுப்படுத்தும் மருந்து பற்றி. உங்கள் கடைக்காரர் சொல்வது குளோர்மெக்வாட் குளோரைடும் டெபுகோனசோலும் சேர்ந்த கலவை. முன்பட்டக் கோதுமை சாயாமல் இருக்க முதல் கணு விடும்போதும் கடைசி இலையான கண்ணாடி இலை வரும்போதும் அடிக்கச் சொன்னது, கோதுமைக்குச் சொன்னது. ஐரோப்பாவில் ராப்சீட்டுக்கு மெட்கோனசோல், டெபுகோனசோல் அடிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் இலையுதிர் காலத்தில் எப்போது அடிக்கிறார்கள்? நாலு முதல் ஆறு இலையில், செடி தரையோடு ஒட்டி இருக்கும்போது, குருத்து மேலே ஏறி உறைபனியில் சாகாமல் இருப்பதற்காக. உங்கள் செடி அந்தக் கட்டத்தைத் தாண்டித் தண்டு நீட்டி மொட்டும் விட்டாயிற்று. இப்போது அடித்தால் செலவுதான் மிச்சம், மொட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

---

ரேவாரி_வயல் | நவம்பர் 24, இரவு

ஐயா சொன்னதில் யூரியா விஷயம் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். தண்ணீரையும் நிறுத்து என்று யாராவது சொல்லுமுன் நான் எழுதிவிடுகிறேன். இங்கே ரேவாரியில் மணல்சாரி மண், ஒரு தண்ணீர் தள்ளிப்போனால் பூ உதிரும், அப்புறம் எத்தனை தண்ணீர் விட்டாலும் போனது வராது. கொழுத்த பயிருக்கு இலை அதிகம், இலை அதிகம் என்றால் குடிப்பதும் அதிகம். பயிர் கொழுத்துவிட்டது, பட்டினி போடு என்று டெல்லியில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடலாம். எங்கள் பக்கம் இரண்டு பேர் அப்படிக் கேட்டு நடந்து, காய் பாதிகூடப் பிடிக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

---

பூசா_பழையவர் | நவம்பர் 25, காலை

ரேவாரித் தம்பி சொல்வது நியாயம். தண்ணீரை நிறுத்தச் சொல்லவில்லை, நாள்காட்டியைப் பார்த்து விடவேண்டாம் என்கிறேன். வழக்கமாக முதல் தண்ணீர் 30, 35 நாளில், பூமொட்டு வரும் சமயம். இரண்டாவது காய் பிடிக்கும்போது. துவாரகாவாசி, ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்குங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினாலும் உடையாமல் நின்றால் இன்னும் ஒரு வாரம் தாங்கும். கை திறந்ததும் உதிர்ந்தால் அன்றைக்கே விடுங்கள், ஆனால் பாத்தி முழுக்கத் தேங்கும்படி விடாமல் லேசாக. உங்கள் பக்கம் மண் கனம், ரேவாரி மண் அல்ல. அதனால்தான் ஒருவருக்குச் சரியானது இன்னொருவருக்குத் தப்பாகிறது. வயலில் இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள், வாய்க்கால் ஓரத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

பலமாகக் காற்று வீசும் நாளில் தண்ணீர் விடவே கூடாது. உயரமான செடி, இளகிய மண், காற்று மூன்றும் சேர்ந்தால் அன்று மாலையே பயிர் படுத்துவிடும்.

---

நஜஃப்கர்_அக்கா | நவம்பர் 25, மதியம்

கலைத்து விடாததுதான் இங்கே பெரிய சிக்கல், யாரும் அதைப் பேசவில்லையே. ஒரு அடி வரிசையில் மீட்டருக்குப் பத்து செடி இருந்தால் போதும், தம்பியிடம் இரட்டிப்பாக நிற்கிறது. இப்படி நெருக்கினால் செடி வெளிச்சத்துக்காக ஒல்லியாக மேலே ஓடும், அடியில் கிளை விடாது. கடுகில் மகசூல் பக்கக்கிளையில்தான் இருக்கிறது, உயரத்தில் இல்லை.

கலைக்க வேண்டியது விதைத்த 15, 20 நாளில். இப்போது செய்தால் அந்த அளவு பலன் வராது, இருந்தாலும் செய்யச் சொல்வேன். மூன்று ஏக்கரையும் செய்ய முடியாது என்றால் மிக நெருக்கமான இடங்களில் மட்டும், ஒல்லியான செடிகளாகப் பார்த்து வேரோடு பிடுங்கி எடுத்துவிடுங்கள். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் ஊர்ப் பெண்களிடம் சொல்லுங்கள், சாக் என்ற கீரைக் கறிக்கும் மாட்டுக்கும் அவர்களே வந்து பறித்துக்கொண்டு போவார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் நடக்கிறது. இரண்டு விஷயம் மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்: நிற்கிற செடியில் கீழ் இலைகளை எடுக்கலாம், மொட்டு வந்த நுனியைக் கிள்ளக்கூடாது. மருந்து அடித்துவிட்டால் அப்புறம் ஒரு இலை கூடச் சமையலுக்கு எடுக்கக்கூடாது. இதைச் சொல்லாமல் விடுவது பாவம், வாங்கிக்கொண்டு போகிறவர்கள் குழந்தைக்குத்தான் கொடுப்பார்கள்.

---

கரோல்பாக்_மாடி | நவம்பர் 25, மாலை

அக்கா சொன்ன கீழ் இலை விஷயம் நோய்க்கும் நல்லது. மூடிய வயலில் காலைப் பனி மத்தியானம் வரை காயாது.

---

வசந்த்குஞ்ச்_நுண்ணோக்கி | நவம்பர் 26, இரவு

நோய் என்று வந்ததால் எழுதுகிறேன், பயிர் நோயியல் என் துறை. இந்த மாதிரி வயலில் நான் முதலில் பயப்படுவது தண்டழுகல் நோய்க்கு, ஸ்க்ளிரோட்டினியா. அது வரும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரியும். பூஞ்சையின் விதை போன்ற கறுப்புக் கட்டிகள் மண்ணில் வருடக்கணக்காகக் கிடக்கும். ஈரமும் மிதமான குளிரும் நிழலும் கிடைத்தால் முளைத்து வித்துகளைக் காற்றில் விடும். அந்த வித்துகள் உதிர்ந்த பூவிதழில் வளரும், இதழ் நனைந்து இலைக்காம்பும் தண்டும் சேரும் கணுக்கவட்டில் ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து தண்டுக்குள் போகும். மூடிய வயல், கீழே ஈரம், பூ உதிர்வு, இதெல்லாம் அதற்குப் பிடித்த சூழ்நிலை.

பூக்க ஆரம்பித்த பிறகு வாரம் ஒரு முறை வயலுக்குள் இறங்கி, ஓரத்தில் நிற்காமல் நடுவே போய்ச் செடியை விலக்கித் தண்டின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். வெளுத்த, நீர் கோத்த மாதிரி பட்டை, மேலே வெள்ளைப் பஞ்சு இருந்தால் அதுதான். காய்ந்த தண்டைப் பிளந்தால் உள்ளே எலிப்புழுக்கை போலக் கறுப்புக் கட்டிகள் இருக்கும். அந்தச் செடிகளை வேரோடு எடுத்து வயலுக்கு வெளியே அழிக்க வேண்டும், வரப்பில் போட்டால் அடுத்த வருடத்துக்கு விதை போட்ட மாதிரி. முன்பு அந்த நிலத்தில் இந்த நோய் வந்திருக்கிறதா என்று நிலத்துக்காரரைக் கேளுங்கள். வந்திருந்தால் பூக்கும் சமயத்தில் கார்பென்டாசிம் லிட்டருக்கு 1 கிராம் வீதம் ஒரு தெளிப்பு, தேவைப்பட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று. வரவில்லை என்றால் பார்த்துக்கொண்டே இருங்கள், சும்மா அடிக்க வேண்டாம்.

தெளிப்பான் பாசனம் வைத்திருக்கிறீர்களா? பூக்கும் நேரத்தில் அது வேண்டாம், முடிந்தால் வாய்க்காலில் விடுங்கள்.

வெள்ளைத் துருவும் வரும். இலையின் அடியில் சுண்ணாம்புப் பொட்டு போல, பிறகு பூந்தண்டு வீங்கி முறுக்கிக்கொண்டு காயே இல்லாமல் நிற்கும். அந்த வீங்கிய தண்டுகளைக் கண்டதும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

---

நெல்லைக்காரன்_புதுசு | நவம்பர் 27, காலை

டெல்லிக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, சந்தேகம் கேட்கலாமா? செடி நன்றாக வளர்ந்தால் காயும் நிறையத்தானே வர வேண்டும்? வெயில் கூடுதல் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும், அது லாபம்தானே?

---

பூசா_பழையவர் | நவம்பர் 27, காலை

நல்ல கேள்வி தம்பி. சீக்கிரம் பூப்பதுதான் ஆபத்தே. இந்தப் பக்கம் உறைபனி, இங்கே பாலா என்பார்கள், டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விழும். சாதாரண வருடத்தில் அந்த நேரத்தில் பயிர் பூவில் இருக்கும். ஒரு பனியில் பூ கருகினாலும் மேலே புதுப் பூ வந்து ஓரளவு ஈடுகட்டும். கதகதப்பில் முன்னால் ஓடிய பயிர் அந்த நேரத்தில் காய்க்குள் பால் பிடிக்கும் பருவத்தில் நிற்கும், விதையில் தண்ணீர்தான் இருக்கும், அது உறைந்தால் காய் வெளியே பச்சையாகவே இருக்கும், உள்ளே பதர். குளிர் குறைந்த வருடம் என்பதால் பாலா வராது என்று நினைக்க வேண்டாம். நவம்பர் சூடாக இருந்து ஜனவரியில் நாலு இரவு தெளிந்த வானமும் காற்றில்லாத அமைதியும் அமைந்தால் போதும்.

அந்தப் பக்கம் முன்கூட்டியே வரும் கோடை. 2022 மார்ச், பகல் வெப்பத்தில் 1901 முதல் பதிவான மார்ச்சுகளிலேயே இந்தியாவில் உச்சம். 2023 பிப்ரவரியிலும் பகல் வெப்பம் அதே மாதிரி 1901-க்குப் பிறகு உச்சம். அப்படி வந்தால் தாமதமாகப் பூத்த கிளைகளில் விதை சிறுத்துப் போகும். கொழுத்த பயிர் கடைசி வரை புதுக்கிளை விட்டுக்கொண்டே இருக்கும், அதில் வரும் காய் வெயிலில் மாட்டும். யூரியா வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

---

துவாரகாவாசி | டிசம்பர் 8, இரவு

எல்லோருக்கும் நன்றி. யூரியா போடவில்லை, வாரக்காரருடன் பெரிய வாக்குவாதம். மகசூல் குறைந்தால் அவர் பங்குக்கு நாங்கள் ஈடு தருகிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். அவர் பயமும் நியாயம்தான், அவருக்கு அது வருடச் சாப்பாடு. மண் இறுக்கிப் பார்த்ததில் மேற்கு ஓரம் உதிர்ந்தது, மற்ற இடத்தில் நின்றது, அதனால் மேற்கு ஏக்கருக்கு மட்டும் முதலில் விட்டோம், மற்ற இரண்டுக்கும் ஒரு வாரம் கழித்து. பெண்கள் வந்து நெருக்கமான இடங்களைக் கலைத்துவிட்டார்கள், இப்போது வரிசைக்கு நடுவே தரை தெரிகிறது. பூ வந்துவிட்டது. நிலத்துக்காரர் தண்டழுகல் வந்ததில்லை என்கிறார், அதனால் அடிக்கவில்லை.

பாலாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

ரேவாரி_வயல் | டிசம்பர் 9, காலை

வாரக்காரருக்கு எழுதிக் கொடுத்தீர்களே, அதைப் பார்த்து மனசு நிறைந்தது அண்ணா.

பாலாவுக்கு: வானிலை ஆலோசனையைத் தினம் பாருங்கள். பனி விழும் என்று தெரிந்தால் முந்தின நாள் மாலை லேசாகத் தண்ணீர் விடுவதுதான் எங்கள் பக்கம் முதல் வேலை, ஈரமண் பகல் சூட்டைப் பிடித்து இரவில் விடும். உங்கள் இரண்டாவது தண்ணீரை இதற்கென்று கையில் வைத்துக்கொள்ளுங்கள், காய் பிடிக்கும் பருவமும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக வரும். தயோயூரியா லிட்டருக்கு அரை கிராம் தெளிக்கச் சொல்லி ராஜஸ்தான் பக்கம் பரிந்துரை இருக்கிறது, நானும் அடிப்பேன். வைக்கோல் கொளுத்திப் புகை போடச் சொல்வார்கள், வேண்டாம். டெல்லிக் காற்று இருக்கிற நிலையில் அதைச் செய்ய மனசு வராது, சட்டப்படியும் மாட்டிக்கொள்வீர்கள்.

---

துவாரகாவாசி | ஜனவரி 12, இரவு

பாலா இரண்டு இரவு விழுந்தது, முன்மாலையே தண்ணீர் விட்டிருந்தோம். வரப்பு ஓரத்தில் நுனிப்பூ கருகியிருக்கிறது, உள்ளே காய்களைப் பிளந்து பார்த்தேன், விதை உருண்டையாகப் பச்சையாக இருக்கிறது. பயிர் சாயவில்லை. இப்போது அசுவினிப் பூச்சி. சில செடிகளில் பூந்தண்டு முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி. வாரக்காரர் நாளைக் காலையே அடிக்க வேண்டும் என்கிறார்.

---

நஜஃப்கர்_அக்கா | ஜனவரி 12, இரவு

காலையில் வேண்டவே வேண்டாம் தம்பி! தேனீ எல்லாம் அப்போதுதான் பூவில் இருக்கும். கடுகு தானாகவே கொஞ்சம் காய்க்கும், ஆனால் தேனீ வந்தால் காய்ப்பு கூடும். இந்தப் பருவத்தில் உங்கள் பக்கம் தேன் பெட்டிக்காரர்களும் வந்திருப்பார்கள், அவர்கள் பிழைப்பையும் கெடுத்துவிடாதீர்கள்.

முதலில் எண்ணுங்கள். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பல இடங்களில் செடிகளைப் பாருங்கள். நூறில் பத்து செடிக்கு மேல் பிடித்திருந்தாலோ, நடுத்தண்டின் நுனி 10 செண்டிமீட்டரில் 26, 28 பூச்சிக்கு மேல் இருந்தாலோதான் மருந்து. அதற்குக் கீழே என்றால் பிடித்த நுனிகளை ஒடித்து ஒரு பைக்குள் போட்டு அழியுங்கள், அசுவினி ஓரத்தில்தான் முதலில் வரும், அதனால் ஓரம் சுற்றி வந்தாலே பாதி வேலை முடியும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள், நிறைய இருந்தால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். அடித்தே ஆக வேண்டும் என்றால் எந்த மருந்து, எவ்வளவு என்று உஜ்வா கேவிகே-யில் (வேளாண் அறிவியல் நிலையத்தில்) கேட்டு, மாலை தேனீ திரும்பிய பிறகு அடியுங்கள். பெட்டிக்காரர்களுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

---

துவாரகாவாசி | ஜனவரி 14, மாலை

எண்ணினோம். கிழக்கு, மேற்கு ஏக்கர்களில் ஓரம் மட்டும், நூறுக்கு ஐந்தாறு செடி. நடு ஏக்கரில் வாய்க்கால் பக்கம் பத்தைத் தாண்டுகிறது, அங்குதான் பயிர் இன்னும் கரும்பச்சையாக இருக்கிறது, கோழி எருக் குவியல் கிடந்த இடமாம். அந்தப் பட்டைக்கு மட்டும் கேவிகே-யில் கேட்ட மருந்தை மாலையில் அடிக்கப் போகிறோம், மற்ற இடங்களில் நுனி ஒடித்தாயிற்று. பெட்டிக்காரர் கிராமத்தின் மறுபுறம் இருக்கிறார், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

---

பூசா_பழையவர் | ஜனவரி 14, இரவு

தழைச்சத்து மிஞ்சிய இடத்தில் சாறு இனிப்பும் மென்மையுமாக இருக்கும், அசுவினி அங்கேதான் கூடும். அந்தப் பட்டையை அடையாளம் போட்டு வையுங்கள். அடுத்த பருவம் அங்கே அடியுரம் போடும் முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். இனித் தண்ணீர் வேண்டாம், இரண்டும் கொடுத்தாயிற்று. பிப்ரவரியில் திடீரென்று வெயில் ஏறி மண் பிளந்தால் மட்டும் யோசிக்கலாம், அதுவும் காற்றில்லாத நாளில். நான்கில் மூன்று பங்கு காய் மஞ்சளானதும் அறுத்துவிடுங்கள். கொழுத்த பயிரில் மேல்காய் பச்சையாக இருக்கிறதே என்று காத்திருந்தால் கீழ்க்காய் வெடித்துவிடும். அறுப்பைக் காலை ஈரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ரேவாரி_வயல் | ஜனவரி 15, காலை

அடுத்த வருடத்துக்கு ஒன்று: எரு போட்ட நிலம் என்றால் விதையை ஏக்கருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் விடாதீர்கள், வரிசையை ஒன்றரை அடியாக்குங்கள், கலைப்புக்கு ஆளை விதைக்கும்போதே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். அக்டோபரில் வெயில் இறங்கவில்லை என்றால் இருபதாம் தேதி வாக்கில் விதைத்தாலும் குற்றமில்லை.